இடது கைக்கு மட்டும் கோடை

கண்டக்டர் வேலை பார்க்கிறவன் முகங்களைப் பார்ப்பதில்லை. டிக்கெட்டுக்காக நீளுகிற கைகளைத்தான் பார்ப்பான். ஆறு வருஷ சர்வீஸில் நான் பார்த்த கைகளை வைத்து, ஆள் எந்த ஸ்டாப்பில் ஏறினார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எங்கள் வண்டி காலை ஆறு மணிக்குக் குற்றாலத்தில் கிளம்பும். மேலகரம், தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் என்று நின்று நின்று ஒன்பதரைக்குத் திருவேங்கடம் போய்ச் சேரும். பத்து மணிக்கு அங்கேயிருந்து திரும்பும். ஆனி, ஆடி மாதங்களில் இந்த மூன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு பருவம் வந்து போய்விடும். குற்றாலத்தில் ஏறுகிறவர் தலையைத் துவட்டிக்கொண்டே ஏறுவார். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும். புளியங்குடி தாண்டினால் சாரலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. திருவேங்கடத்தில் ஏறுகிறவர் கையில் கரிசல் புழுதி ரேகைக்குள் இறங்கியிருக்கும். உதடு வெடித்து, பேசும்போது ஒரு ஓரமாகத்தான் பேசுவார்.

இத்தனைக்கும் அடிப்பது ஒரே காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அதே மேல்காற்றுதான் குற்றாலத்தில் சாரலாக விழுகிறது, அதே காற்றுதான் திருவேங்கடத்தில் மனுஷன் தோலை உரிக்கிறது. இது எப்படி என்று எனக்கு ரொம்ப நாளாகப் புரியவில்லை. ஒருநாள் டிரைவர் அருமைநாயகம் அண்ணாச்சியிடம் கேட்டேன். முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவர். எந்தக் கோடையிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானும் மாட்டியிருப்பார்.

"சுமந்துட்டு வந்த தண்ணியையெல்லாம் குத்தாலத்துலேயே எறக்கி வச்சிட்டு, வெறும் வயித்தோட வருதுலே. பசி எடுக்காதா? எதிர்ல கெடக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சும்," என்றார்.

அந்தக் காற்று என் கையையும் உறிஞ்சும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் மேலகரத்துக்காரன். பிறந்ததிலிருந்து சாரலில் நனைந்தவன். வறட்சி என்பது அடுத்த ஊர்க்காரர்களுக்கு வருகிற சங்கதி என்று நினைத்திருந்தேன்.

1958-ஆம் வருஷம் ஆனி மாதத் தொடக்கத்தில் என் இடது கையில் அது ஆரம்பித்தது. முதலில் முழங்கைக்குக் கீழே சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளுப்பு. நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். பத்து நாளில் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. பதினைந்தாம் நாள் அங்கங்கே வெடித்து, மடக்கினால் இழுத்தது. வலது கையில் ஒன்றுமே இல்லை. அதுதான் என்னைப் போட்டு வாட்டியது. உடம்பு ஒன்று, குளிக்கிற தண்ணீர் ஒன்று, தின்கிற சோறு ஒன்று. ஒரு கைக்கு மட்டும் எப்படி வரும்?

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? கரப்பான் நோய் என்றார் ஒருவர். கருவாட்டை நிறுத்து என்றார் இன்னொருவர். செங்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கையை உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அடுத்த சீட்டுக்கு எழுந்து போய்விட்டார். கருத்துச் சொன்னவர்கள் மேல் வராத ஆத்திரம் எனக்கு அவர் மேல்தான் வந்தது.

அண்ணாச்சியும் பார்த்துவிட்டார். "முழுக்கைச் சட்டை தச்சுப் போடுலே," என்றார்.

"ஏன், மூடி மறைச்சிட்டா சரியாப் போயிருமா?" என்று வெடுக்கென்று கேட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது ஊருக்கே தெரியும். அவர் ஹாரனை அமுக்கினார். அவரை அன்றைக்குப் பேச விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனி கடைசியில் திருவேங்கடத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் சந்தனமாரி. அப்பா ஆவுடையப்பன், மிளகாயும் பருத்தியும் போடுகிற மானாவாரிச் சம்சாரி. நானும் என் அம்மை பேராச்சியும் எங்கள் வண்டியிலேயே போய் இறங்கினோம். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். பெண் நிலைப்படி ஓரமாக வந்து நின்றாள். எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது என்றே சொல்கிறேன். அவள் தலை குனியவில்லை. என்னை நேராகப் பார்த்தாள், கொஞ்சம் கூடுதலாகவே.

ஆவுடையப்பன் வெற்றிலைத் தட்டை நீட்டினார். தட்டை இரண்டு கையாலும் வாங்குவதுதானே முறை. நீட்டினேன். முழங்கை வரை இறங்கிய அரைக்கைச் சட்டை. ஜன்னல் வெளிச்சம் நேராக இடது கையில் விழுந்தது. தட்டைப் பிடித்திருந்த அவர் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. நான் தட்டைப் பற்றுவதற்குள் அவர் அதை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துத் தரையில் வைத்தார்.

"நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடி கழியட்டும். பெறவு சொல்லி அனுப்புதோம்," என்றார்.

ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மை அதை அப்படியே நம்பினாள். எனக்கு மட்டும் அவர் கண் போன இடம் தெரியும். அவர் நினைத்தது என்ன என்பதும் தெரியும். அந்தப் பேரை நானும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். பெருநோய். குஷ்டம் என்பார்களே, அதுதான்.

ஆக, எனக்கு இருந்தது முப்பத்தொரு நாள். அதற்குள் கை சரியாக வேண்டும், இல்லையென்றால் சந்தனமாரி இல்லை.

குற்றாலத்துக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். தலைவலியா, அருவிக்குப் போ. பைத்தியமா, அருவிக்குப் போ. மலையிலிருக்கிற மூலிகையெல்லாம் கரைந்து வருகிற தண்ணீர் என்று அடுத்த ஊர்க்காரர்களே ரயிலேறி வருகிறார்கள். பக்கத்தில் இருக்கிற நான் விடுவேனா? தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கே பேரருவிக்குப் போய்விடுவேன். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, இடது கையை மட்டும் தனியாக நீட்டி, தண்ணீர் அடிக்கிற அடிக்கு நேரே அரை மணி நேரம் வைத்திருப்பேன். பிறகு பாறையில் உட்கார்ந்து துணிக்குப் போடும் பார் சோப்பை அந்தக் கைக்கு மட்டும் இரண்டு தடவை போட்டு, காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டால் செதில் உதிரத் தேய்ப்பேன். மறுபடியும் அருவி. சாயங்காலம் வண்டியை விட்டதும் இன்னொரு தடவை. மூலிகை உள்ளே இறங்க வேண்டுமே!

கை நாளுக்கு நாள் மோசமாயிற்று. குளித்து முடித்ததும் பளபளவென்று இருக்கும். வண்டி தென்காசியைத் தாண்டுவதற்குள் தோல் இறுகும். கடையநல்லூரில் வெளுக்கும். திருவேங்கடத்தில் இறங்கும்போது வறண்ட குளத்து மண் தோற்றுவிடும்.

அப்புறம் நான் செய்த காரியம்தான் பெரிய காரியம். அந்த நோய் இருந்தால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். நகத்தால் நுள்ளிப் பார்க்கலாம் என்று பல நாள் நினைத்து, பயத்தில் தள்ளிப் போட்டு வந்தேன். பஸ்ஸில் எல்லாரும் பார்ப்பார்கள். வீட்டில் அம்மை பார்ப்பாள். ஆள் இல்லாத இடம் என்றால் விடியற்காலை அருவிக்கரைதான். ஆடி ஐந்தாம் தேதி, அரை மணி நேரம் அருவியில் கை நீட்டி முடித்து, பாறைக்கு அந்தப் பக்கம் போய், சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இடது கையில் நுள்ளினேன்.

வலிக்கவில்லை. நகம் பதியப் பதிய நுள்ளினேன். யாரோ ஒருவருடைய கையை நுள்ளுகிற மாதிரி இருந்தது. மறுநாளும் அதே இடத்தில், அதே நேரத்தில் நுள்ளிப் பார்த்தேன். அன்றைக்கும் வலிக்கவில்லை.

அன்றைக்கு வண்டியில் நான் எத்தனை பேரை ஏற்றினேன், யாரை எங்கே இறக்கினேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் ஒரு கார்டு வாங்கி ஆவுடையப்பனுக்கு எழுதினேன். 'எனக்கு உடம்பு சௌகரியமில்லை. தங்கள் மகளுக்கு வேறு நல்ல இடம் பார்த்து முடிக்கவும்.' இரண்டே வரி. எழுதி முடித்ததும் அழுதேன். காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தபால் பெட்டி இல்லாத ஊரா? எல்லா ஸ்டாப்பிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் மூன்று நாளாக அந்தக் கார்டு என் பையிலேயே போய்ப் போய் வந்தது.

நாலாம் நாள் ஆடித் தபசுத் திருவிழா. சங்கரன்கோவிலே கூட்டத்தில் திணறும் நாள். சங்கரன்கோவில் ஸ்டாண்டில் இருக்கிற பெட்டியில் இன்றைக்குப் போட்டே தீருவது என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன். திருவேங்கடத்தில் பத்து மணிக்கு வண்டியைத் திருப்பியபோது ஆணும் பெண்ணும் முண்டியடித்து ஏறினார்கள். நிற்க இடமில்லை.

"பொம்பளையாள்லாம் முன்னால போங்க! பெரியவரே, அந்த மூட்டையை மேல போடுங்க!" என்று கத்திக்கொண்டே விசில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பெண்கள் சீட்டில் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் சித்தி பாலம்மாள். பெண் பார்க்கப் போனபோது காப்பி கொண்டு வந்தது அவள்தான்.

இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன், முகத்தைப் பார்க்காமல். வழக்கமாக நான் படியில் நின்று, இடது கையை வெளியே விட்டு, பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக்கொண்டே வருவேன். அன்றைக்குப் படியிலும் நாலு பேர் தொங்கினார்கள். அதனால் உள்ளேயே நின்று, அவர்கள் சீட்டின் முதுகுக் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பி நின்றேன். கையை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். எடுத்தால் விழுந்துவிடுவேன். ரோடு அந்த லட்சணம்.

அரை மைல் போயிருக்கும். இடது கையில், முழங்கைக்குக் கீழே, சுரீரென்று ஏதோ இறங்கியது.

"ஐயோ! எம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். நின்றவர்களெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"என்னலே! ஆள் விழுந்துட்டானா?" என்று கத்தினார் அவர்.

திரும்பிப் பார்த்தேன். சந்தனமாரி ஜன்னல் வழியாகப் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம்மாள் மடியிலிருந்த பையைத் தூக்கி முன்னால் வைத்து எதையோ மறைத்தாள். தாவணியில் குத்தியிருக்க வேண்டிய ஊக்கு பெண்ணின் விரலிடுக்கில் இருந்தது. என் கையில் கடுகளவு ரத்தம்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, தகரம் கீறிட்டு. போங்க," என்றேன். மானம் போகிற விஷயமாயிற்றே.

சங்கரன்கோவிலில் பாதி வண்டி காலியாயிற்று. அண்ணாச்சி டீ குடிக்கப் போனார். அவர்கள் இரண்டு பேரும் இறங்கி வேப்பமரத்தடியில் நின்றார்கள். நான் நேராகப் போய் நின்றேன். ஆத்திரம் எனக்குத் தலை வரைக்கும் ஏறியிருந்தது.

"ஊக்கால குத்துதது எந்த ஊரு வழக்கம்? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லி அனுப்புததுதானே?"

"தம்பி, கோவப்படாதீய," என்றாள் பாலம்மாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இவதான், ஒரு குத்துக் குத்திப் பாத்துட்டா தெரிஞ்சு போவும்னு ஒத்தக் காலுல நின்னா. தபசு பாக்கப் போறோம்னு இவ அப்பாகிட்ட சொல்லிட்டு இந்த வண்டியாப் பாத்து ஏறுனோம்."

"வலிச்சுதா?" என்று கேட்டாள் சந்தனமாரி. என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"வலிக்காம? உயிரு போயிட்டு!"

அப்படிச் சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வலித்தது. ஆமாம், வலித்தது. இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. பையிலிருந்த கார்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தாள்.

"இதை எதுக்கு எழுதுனீய?"

"நுள்ளிப் பாத்தேன். வலிக்கல. ரெண்டு நாளும் வலிக்கல."

"எங்கன வச்சு நுள்ளுனீய?"

"அருவிக்கரையில. அரை மணி நேரம் இந்தக் கையைத் தண்ணிக்கு நேராப் பிடிச்சிட்டு, உடனே நுள்ளுனேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கக் குலுங்க. "சித்தி, கேட்டீயளா! அந்தக் குளிர் தண்ணியில, அந்த அடி அடிக்கிற இடத்துல அரை மணி நேரம் பிடிச்சா, கையை வெட்டிக் கொண்டு போனாக்கூடத் தெரியாதே!"

நான் அருவிக்கரையில் பிறந்து வளர்ந்தவன். அருவியில் நின்றால் உடம்பு மரத்துப் போகும் என்பது நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அது ஏன் தோன்றவில்லை? பயந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"சரி, நோய் இல்லைன்னா இது என்னதாம்?" என்று கேட்டேன்.

அவள் கையைத் தொடாமல், குனிந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பார்த்தாள். காட்டில் மிளகாய்ச் செடியைப் பார்ப்பவளின் பார்வை. "சட்டைக் கை முடியுத எடத்துலதான் ஆரம்பிக்குது. சட்டைக்குள்ள ஒண்ணும் இல்ல. இந்தக் கையைத்தானே வெளிய தொங்கப் போட்டுட்டு வருதீய? எங்க ஊருல மேகாத்து காலத்துல எல்லாருக்கும் காலுல இப்பிடித்தான் வரும். ஆனா இவ்வளவு மோசமா வராது. நீங்க என்ன போட்டுக் குளிக்கீய?"

பார் சோப்பையும் பீர்க்கங்கூட்டையும் சொன்னேன். எண்ணெய் தேய்த்த பிறகுதான் அருவி என்பதையும் சொன்னேன், நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை என்று காட்டுவதற்காக.

"எண்ணெயைப் போட்டு, அதை அருவியும் சோப்புமா வழிச்சு எடுத்துட்டு, வெறுங்கையைக் கொண்டுபோய்க் காத்துல நீட்டுதீய. எங்களுக்குத் தண்ணியே கெடையாது. ஒரு செம்புத் தண்ணியில மேலு காலைக் கழுவிட்டு, ஈரம் காயதுக்கு முந்தி உள்ளங்கையில ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் தடவுவோம். ஈரம் உள்ள நிக்கும். அம்புட்டுதான். பெறவு ஒரு முழுக்கைச் சட்டை போடுங்க."

முழுக்கைச் சட்டை என்றதும் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி வலது கையில் கிளாஸைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் பொத்தான். முப்பது வருஷம் டிரைவர் ஜன்னல் ஓரத்தில் இருந்த கை அது. அதற்குள்ளே ஒன்றும் இல்லாமலா அந்த மனுஷன் கோடையிலும் பொத்தான் மாட்டுகிறார்? ஆறு வருஷம் ஊரார் கையையெல்லாம் பார்த்தவன், பக்கத்தில் இருந்தவர் கையைப் பார்க்கவில்லை.

எல்லாம் தீர்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒனக்கு இந்தக் குத்திப் பாக்குத வித்தையெல்லாம் எப்பிடித் தெரியும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. பாலம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

"எங்க அம்மை கூடப் பொறந்த மாமனுக்கு இருந்துது," என்றாள் சந்தனமாரி. "தோட்டத்துக் குடிசையில தனியா வச்சிருந்தாவ. நான்தான் சோறு கொண்டு போவேன். ஒருநாள் அடுப்புல இருந்த சட்டியை வெறுங்கையால தூக்கிட்டாவ. தூக்கி வச்சிட்டு, 'என்னட்டி கருகுது'ன்னு என்கிட்ட கேக்காவ."

கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. என் கேள்வியின் மிச்சத்தைக் கேட்டேன்.

"இன்னைக்கு எனக்கு வலிக்காம இருந்திருந்தா?"

"வலிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்ப மாத்திரை இருக்காம். மாமன் செத்த பெறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. ஊக்கை எடுத்துட்டு வந்தவளுக்கு அதுவும் தெரியும். சித்திகிட்ட சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். வலிக்கலைன்னா இதே வண்டியில ஒங்களை நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். மாமனை ஒருத்தரும் கூட்டிட்டுப் போவல."

கார்டை நாலாகக் கிழித்துக் கீழே போடாமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி ஹாரன் அடித்தார். நான் வண்டியைப் பார்த்து ஓடினேன்.

"மாப்ளே, மெதுவா! பாத்து ஏறுங்க!" என்று பின்னாலிருந்து பாலம்மாள் கத்தினாள். தம்பி என்றவள் எப்போது மாப்ளே என்று மாற்றினாள் என்று நான் கவனிக்கவில்லை.

படியில் ஏறி நின்றேன். பழக்க தோஷத்தில் இடது கை வெளியே போனது, உள்ளே இழுத்துக்கொண்டேன். ஊக்குப் பட்ட இடத்தில் ரத்தம் காய்ந்து ஒரு புள்ளியாக இருந்தது. புளியங்குடியில் அதைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். வலித்தது. கடையநல்லூரில் அமுக்கினேன், வலித்தது. தென்காசியில் சாரல் முகத்தில் விழ ஆரம்பித்தபோதும் அமுக்கினேன். அப்போதும் நன்றாக வலித்தது. அந்தச் சந்தோஷத்தில் மேலகரம் ஸ்டாப்புக்கு விசில் கொடுக்க மறந்துவிட்டேன்.